டோவர் துறைமுகத்துக்குக் கிட்ட இரவில லொறி நிப்பாட்ட இடமில்லை: சில்லுப் பூட்டு மட்டும் போதுமா?

இரவுலொறி எழுதியது:

வணக்கம் உறவுகள். "லொறிக்காரர் ஊரை நாறடிக்கினம், கெண்ட் முழுக்கச் சில்லுப் பூட்டுப் போட வேணும்" எண்டு வேற ஒரு இழையில நிறையப் பேர் எழுதியிருந்தீங்கள். (கெண்ட் எண்டால் டோவர் இருக்கிற மாவட்டம்; சில்லுப் பூட்டு எண்டால் சில்லில மாட்டி லொறியை அசைய விடாமல் பண்ணுற பூட்டு.) அங்க பதில் எழுதினால் அந்தக் கதை திசை மாறிப் போயிடும், அதால தனியாத் தொடங்குறன். நான் இங்கிலாந்துக்கும் பெல்ஜியம், ஜேர்மனிக்கும் இடையில ட்ரெய்லர் ஓடுறவன். டோவர்தான் எங்களுக்கு வாசல்.

சாரதியின்ர நாள் எப்பிடிப் போகுது எண்டு முதல்ல சொல்லுறன். நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிசம் நிப்பாட்ட வேணும். ஒரு நாளைக்கு 9 மணித்தியாலம் ஓடலாம், கிழமையில ரெண்டு நாள் மட்டும் 10. வேலை தொடங்கி 24 மணித்தியாலம் முடியிறதுக்குள்ள 11 மணித்தியால ஓய்வு எடுக்க வேணும். அதை 9 ஆக் குறைக்கலாம், ஆனால் ஒரு வார ஓய்வுக்கும் அடுத்ததுக்கும் இடையில மூண்டு தரத்துக்கு மேல ஏலாது. இவ்வளவும் லொறிக்குள்ள இருக்கிற டாக்கோ எண்ட நேரப் பதிவுக் கருவியில பதிவாகுது. ரோட்டில மறிச்சுப் பார்க்கிறவைக்கு ஒவ்வொரு நிமிசமும் தெரியும்.

இப்ப யோசிச்சுப் பாருங்கோ. மிட்லண்ட்ஸில ஒரு குடோனில மத்தியானம் சாமான் ஏத்த வரச் சொல்லுவினம். ஏத்தி முடிய ரெண்டு மூண்டு மணித்தியாலம் பிந்தும். லண்டனைச் சுத்திப் போற எம்25 மோட்டர்வேயில நெரிசல். கெண்டுக்குள்ள வரேக்க பின்னேரம் ஏழு மணி, கையில இருக்கிறது அரை மணித்தியாலம். ஆஷ்ஃபோர்டில 600க்கு மேல இடமுள்ள ட்ரக்ஸ்டொப் (காசு கட்டி லொறி நிப்பாட்டிப் படுக்கிற இடம்) இருக்கு, கெண்டுக்குள்ளால போற எம்20 மோட்டர்வேயின் 11ஆம் சந்தியில ஒண்டு இருக்கு, மெய்ட்ஸ்டன் சேர்விஸில கொஞ்ச இடம். ஒரு நாளைக்கு 10,000 லொறி வரைக்கும் கடக்கிற துறைமுகத்துக்கு இது எந்த மூலைக்கு? இருட்டினாப் பிறகு வாறவனுக்கு அங்க இடம் கிடைக்கிறது அருமை. டாக்கோ முடியுது. சட்டப்படி நிப்பாட்டத்தான் வேணும், சட்டப்படி நிப்பாட்ட இடம் இல்லை.

துறைமுகத்துக்குள்ளேயே போய்ப் படுக்கலாமே எண்டு சிலர் கேட்டிருந்தீங்கள். டோவர் கிழக்குத் துறைமுகத்தை நேரில பார்த்தவைக்குத் தெரியும்: ஒரு பக்கம் சுண்ணாம்பு மலை, மற்றப் பக்கம் கடல். நடுவில இருக்கிற நிலம் கப்பலுக்கு வரிசை கட்டவே காணாது. உள்ள போனால் அடுத்த கப்பலில ஏத்தி அனுப்புவினம், அவ்வளவுதான்.

என்ர கருத்து இதுதான். முதல்ல இடம், பிறகு பூட்டு. இடம் தராமல் பூட்டுப் போட்டால் லொறி மறையாது, அடுத்த ஊருக்குப் போகும்.

கடைக்காரர்_ஏ20 எழுதியது:

தம்பி, உங்கட கஷ்டம் விளங்குது. ஆனால் எங்கட பக்கத்தையும் கேளுங்கோ. நான் டோவருக்குப் போற ஏ20 ரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில கடை வச்சிருக்கிறன். விடிய நாலரைக்கு பேப்பர் எடுத்து உள்ள வைக்க வருவன். ரோட்டோர லேபை, அதுதான் வாகனம் ஒதுங்கி நிப்பாட்டுற இடம், முழுக்க லொறி. லேபை நிரம்பினால் சந்திக்கு வாற சின்ன ரோட்டில, அதுவும் நிரம்பினால் புல்லில. கொஞ்சப் பேர் வாலை வெளிய நீட்டிக்கொண்டு லைற்றும் இல்லாமல் நிப்பாட்டுவினம். பனிக்காலத்தில அதில யாராவது கொண்டுபோய் மோதினால் உயிர் தப்பாது.

குளிரூட்டி ட்ரெய்லர் நிண்டால் அந்த மெஷின் விடிய விடிய இரையும். பக்கத்து வீட்டில வயசுபோன வெள்ளைக்காரச் சோடி ஒண்டு இருக்கு. அந்த மனிசி நித்திரை இல்லாமல் கடைக்கு வந்து அழுதிருக்கிறா. பற்றைக்குள்ள கிடக்கிறதுகளை நான் இதில எழுத விரும்பேல்லை. மூத்திரப் போத்தல் பொறுக்கிறதுக்கெண்டே ஊர்ச் சனம் சனிக்கிழமையில கையுறை போட்டுக்கொண்டு போறது.

2017 கடைசியில ஏ20இல சாரிங்குக்கும் ஆஷ்ஃபோர்டுக்கும் இடையில சில்லுப் பூட்டுத் திட்டம் தொடங்கினவை. அதுக்கு முந்தி தண்டச் சீட்டுத்தான் ஒட்டுவினம், வெளிநாட்டு லொறியிட்ட அந்தக் காசு வராது. பூட்டுப் போட்டால் காசு கட்டாமல் அரக்க ஏலாது. அந்தத் துண்டு ரோட்டில உடன வித்தியாசம் தெரிஞ்சது. நான் கண்ணால கண்டனான். அப்ப ஏன் கெண்ட் முழுக்கச் செய்யக்கூடாது?

சரக்குக்கணக்கு எழுதியது:

நான் சென்னைக்காரன், இப்ப நார்த்தாம்ப்டன் பக்கம் ஒரு கம்பெனியில லாரிகளுக்கு ரூட் போடுற வேலை. ரெண்டு பேர் சொல்றதும் சரி. ஆனா ரெண்டு பேரும் தொடாத ஒரு விஷயம் இருக்கு: அந்த ராத்திரிக்கு யார் காசு கொடுக்கறது?

ட்ரக்ஸ்டாப்ல ஒரு ராத்திரிக்கு முப்பது பவுண்டுக்கு மேல ஆகுது. சாப்பாட்டு கூப்பனும் சேர்ந்தா இன்னும் கூடும். டிரைவருக்கு வெளியில தங்குற படின்னு ஒண்ணு இருக்கு. கேபின்ல படுக்கை இருக்கிற லாரிக்கு வரித்துறை வரி இல்லாம ஒத்துக்கிற தொகை 26 பவுண்ட் 20 பென்ஸ். பல வருஷமா அதே தொகை. கம்பெனிகள் அதையே ஒரு கணக்கா வெச்சுக்கிட்டு "இதுலயே பார்த்துக்கோ"ன்னு சொல்லிடறாங்க. பார்க்கிங் ரசீதைத் தனியா வாங்கிக்கிற கம்பெனியும் இருக்கு, வாங்காததும் இருக்கு. வாங்காத கம்பெனியில வேலை பார்க்கிற டிரைவர் என்ன செய்வார்? லேபைல நிறுத்திட்டு அந்தக் காசை வீட்டுக்குக் கொண்டு போவார். கிழக்கு ஐரோப்பாவுல இருந்து வாரக்கணக்கா ஓடிட்டு இருக்கிறவருக்கு அது சின்னக் காசு இல்ல.

அதனால இடம் கட்டினா மட்டும் லாரி அங்க போயிடும்னு நினைக்காதீங்க. சில ராத்திரி பக்கத்திலேயே காசு கட்டுற இடத்துல காலி இருந்தும் ரோட்டோரத்துல லாரி நிக்கும். சரக்கு அனுப்புறவங்ககிட்ட வாடகை பேசும்போதே பார்க்கிங் செலவு பில்லுல தனி அயிட்டமா வரணும். எங்க ஆபீஸ்ல நான் அதுக்காக வருஷக்கணக்கா சண்டை போட்டுட்டு இருக்கேன். ஒரு பாலெட்டுக்கு (சரக்கு அடுக்குற தட்டு) கணக்குப் பார்த்தா ஒரு பவுண்ட் ஒண்ணரை பவுண்ட்தான் வருது. அதைக் கேட்டாலும் "போட்டிக் கம்பெனி இல்லாம ஓட்டறான்"னு பதில் வருது.

தூத்துக்குடிக்காரன் எழுதியது:

ஒரு சந்தேகம் அண்ணாச்சிமாரே. எங்க ஊர் துறைமுகத்துலயும் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிக்கும், ஆனா சுத்தி உப்பளமும் காலி நிலமும் இருக்கிறதால எங்கயாவது ஒதுங்கிக்கிடலாம். அங்க பிரெக்சிட் வந்தப்ப ஆஷ்ஃபோர்டு பக்கம் பெரிய சுங்க வளாகம் கட்டுனாங்கன்னு டிவியில பார்த்தேன். மோட்டர்வேயையே அடைச்சு லாரி நிறுத்துறதும் வந்துச்சு. அவ்வளவு தார் போட்டுக் கிடக்கே, அதுல ராத்திரி படுக்க விட்டா என்ன?

இரவுலொறி எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. இதைப் பிரிச்சு விளங்காமல்தான் இஞ்ச எல்லாரும் குழம்புறது.

நீங்கள் சொல்லுறது செவிங்டன் வளாகம். 2021 தொடக்கத்தில திறந்தது. அது சுங்கத் தாள் பார்க்கிறதுக்கு. வேலை முடிஞ்சால் வெளிய போகச் சொல்லுவினம். இரவு தங்கிற இடமா அதை அமைக்கேல்லை.

மோட்டர்வேயில நிப்பாட்டுறது வேற கதை. கப்பலோ, பிரான்சுக்குக் கடலுக்கடியில போற ரயில் சுரங்கமோ நிண்டுபோனால் எம்20இல லொறியளை வரிசையா மறிச்சு வைப்பினம். அதுக்குப் பேர் ஆப்பரேஷன் ஸ்டாக், 1980களிலேயே வந்தது. 2015 வெயில்காலத்தில பிரான்ஸ் பக்கம் கலேயில கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தமும் சுரங்கப் பக்கப் பிரச்சினையும் சேர்ந்து, நாள்கணக்கா எம்20 லொறிச் சாலையாக் கிடந்தது. இப்ப ஆப்பரேஷன் புரொக் எண்டு, நடுவில கொங்கிரீட் தடுப்பை நகர்த்தி ஒரு பக்கத்தை லொறிக்கும் மற்றப் பக்கத்தை ரெண்டு திசை வாகனத்துக்கும் விடுகினம். டோவருக்குக் கிட்ட இன்னொண்டு, 2015இல தொடங்கினது: ஏ20இல ரவுண்ட்ஹில் ரோட்டுச் சுரங்கம் தாண்டினாப் பிறகு லொறி இடது பக்கம்தான், 40 மைல் வேகம்தான், வெஸ்டேர்ன் ஹைட்ஸ் சுற்றுவட்டத்துக்கு முன்னால சிக்னலில மறிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா விடுவினம். டோவர் நகரம் மூச்சு விடுறதுக்கு அது தேவை, நான் மறுக்கேல்லை.

ஆனால் இது எல்லாம் நெருக்கடி நேரத்துக்கான ஒழுங்கு. வரிசையில நிக்கிறது ஓய்வில்லை. முன்னுக்கு நிக்கிற லொறி நகர்ந்தால் நானும் நகர வேணும். பத்து நிமிசத்துக்கொருக்கா ஒரு லொறி நீளம் நகர்ந்தால் அது ஓய்வாக் கணக்கில்லை. கக்கூஸ் இல்லை. நான் கேக்கிறது ஒரு பிரச்சினையும் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இரவைப் பற்றி. நெருக்கடிக்கு அரசு கோடிக்கணக்கில செலவழிக்குது, சாதாரண இரவுக்கு ஒருத்தரும் பொறுப்பில்லை.

திட்டப்பிரிவு எழுதியது:

நான் தென்கிழக்கு இங்கிலாந்தில் ஓர் உள்ளூராட்சியில் நிலத் திட்ட அனுமதிப் பிரிவில் வேலை செய்கிறேன், கெண்டில் அல்ல. இந்த விடயத்தைக் கொஞ்சம் தொடர்ந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

2015 வெயில்காலக் குழப்பத்துக்குப் பிறகு, அந்த ஆண்டு இலையுதிர்கால நிதி அறிக்கையிலேயே லொறித் தரிப்பிடத்துக்கு 25 கோடி பவுண் ஒதுக்கினார்கள். ஃபோக்ஸ்டன் பக்கம் ஸ்டான்ஃபோர்ட் வெஸ்ட் என்ற இடம், 3,600 லொறிகளுக்கு. சுற்றியுள்ள கிராமங்கள் எதிர்த்தன. சுற்றுச்சூழல் மதிப்பீடு இல்லாமல் அறிவித்தார்கள் என்று நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது. 2017 நவம்பரில் அரசு திட்டத்தையே கைவிட்டது.

அதே 2017 இலையுதிர்காலத்தில் நடந்த மற்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆஷ்ஃபோர்ட் பகுதியில் சில்லுப் பூட்டுத் திட்டம் தொடங்கியது, கடைக்காரர் ஐயா சொன்னது. நவம்பர் 1 முதல், 45 மணிநேர வார ஓய்வை லொறிக்குள்ளேயே தகாத இடத்தில் கழிக்கும் சாரதிக்கு 300 பவுண் வரை தண்டம் என்று வாகனத் தரநிலை முகமை அறிவித்தது. ஆக, ரோட்டில் நின்றால் பூட்டு, லொறியில் வாரக் கடைசியைக் கழித்தால் தண்டம், கட்டுவதாகச் சொன்ன 3,600 இடம் இரத்து. மூன்றும் ஒரே பருவத்தில். ஒவ்வொரு முடிவையும் தனித்தனியாக எடுத்தால் அதற்கு நியாயம் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

ஸ்டான்ஃபோர்ட் வெஸ்ட் கைவிடப்பட்டதில் எனக்கு வருத்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது முதன்மையாக நெருக்கடி நாளுக்கான நிலம், அதில் சாதாரண இரவுத் தரிப்பையும் ஓரமாகச் சேர்த்தார்கள். ஒரே ஊரின் தலையில் 3,600 லொறியை இறக்கினால் எந்த ஊரும் எதிர்க்கத்தான் செய்யும். இருநூறு, முந்நூறு இடங்கள் உள்ள தரிப்பிடங்கள் எம்20, எம்2, எம்25 வழி நெடுகப் பரவலாக இருந்தால், இரவுலொறி சொல்லும் அந்தக் கடைசி அரை மணிநேரம் எங்கே முடிந்தாலும் பக்கத்தில் ஒன்று இருக்கும். தவிர, டோவர் வழியாகக் கடக்கும் எல்லோரும் இரவில் டோவரில்தான் நிற்க வேண்டும் என்பதில்லை. எசெக்ஸ் பக்கத்திலேயே நல்ல இடம் கிடைத்தால் பாதிப்பேர் அங்கேயே படுத்துவிட்டு விடியப் புறப்படுவார்கள்.

தடை என்ன என்றால் நிலம். எம்20க்கு வடக்கே நீளமாகப் போகும் கெண்ட் டவுன்ஸ் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. மீதி நிலத்தில் குடோன் கட்டினால் சொந்தக்காரருக்கு வரும் வாடகை லொறி நிறுத்துவதால் வராது. கெண்டில் எத்தனையோ பெரிய குடோன்களுக்கு அனுமதி கொடுக்கிறார்கள். அங்கே வரும் லொறி இரவில் எங்கே நிற்கும் என்ற கேள்வியை அனுமதிக்கு நிபந்தனையாகப் போடுவது அரிது. நான் மாற்ற விரும்புவது அதைத்தான்.

மட்டுநகர்மகள் எழுதியது:

இந்த இழையை வாசிச்சிட்டு எழுதாம இருக்க முடியல்ல. நானும் லொறி ஓட்டுறன். எங்கட வேலையில பொம்பிளையள் மிகக் குறைவு. ஏனெண்டு கேக்கிறவங்க ஒருக்கா என்னோட லேபையில ஒரு இரவு நிண்டு பாக்கணும்.

ஆம்பிளையளுக்குப் போத்தல் இருக்கு எண்டு எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு? பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணி குடிக்கிறதில்ல, இரவு எங்க நிப்பன் எண்டு தெரியாததால. மாதவிடாய் நாளையில இன்னும் மோசம். இதால எனக்கு மூத்திரக் குழாயில கிருமித் தொற்று வந்திருக்கு. வைத்தியர் நிறையத் தண்ணி குடிக்கச் சொன்னார்.

மறுகா பயம். கதவு ரெண்டையும் சீட் பெல்ட்டால உள்ளுக்க இழுத்துக் கட்டிப்போட்டுத்தான் படுக்கிறது. ஒரு தரம் சத்தம் கேட்டு முழிச்சன், ட்ரெய்லர் திரையைக் கத்தியால கிழிச்சு உள்ளுக்க என்ன இருக்கெண்டு பாக்கிறாங்க. இறங்கேல்ல. ஹோன் அடிச்சன், ஓடிட்டாங்க. டீசல் தாங்கிய உடைச்சு உறிஞ்சிற கூட்டமும் இருக்கு. விடிஞ்சாப் பிறகு கம்பனிக்காரர் எடுத்த எடுப்பில கேட்டது "சாமான் சரியா இருக்கா?" எண்டுதான்.

2021இல சாரதி இல்ல, கடையில சாமான் இல்ல எண்டு நாடே கூச்சல் போட்டுது. அந்த வருசம் ஒக்டோபர் பட்ஜெட்டில தரிப்பிட வசதிக்கு மூண்டேகால் கோடி பவுண் எண்டாங்க. வந்த காசில சில இடத்தில குளியலறை நல்லாத்தான் மாறியிருக்கு, அதைச் சொல்லத்தான் வேணும். ஆனா ஏற்கெனவே இருக்கிற இடத்தைத் திருத்தினா வசதி கூடும், இடம் கூடாதே.

கடைக்காரர் அண்ணா, பூட்டுப் போட்டா நான் உங்கட ஊரை விட்டுப் போவன். எங்க போவன் எண்டு நினைக்கிறீங்க? லைற்று இல்லாத இன்னொரு ரோட்டுக்கு, ஆக்கள் இல்லாத தொழிற்பேட்டைக்கு.

கடைக்காரர்_ஏ20 எழுதியது:

பிள்ளை, வாசிக்கவே நெஞ்சு நோகுது. எனக்கும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்.

நான் லொறிக்காரருக்கு எதிரி இல்லை. 2020 டிசம்பர் 20 இரவு பிரான்ஸ் எல்லையைப் பூட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆயிரக்கணக்கான லொறி எம்20இலயும் மான்ஸ்டன் பழைய விமான ஓடுபாதையிலயும் நிண்டது. எல்லை திறந்தாப் பிறகும் கொரோனா சோதனை முடிஞ்சு கிளம்ப நாள்கணக்கு எடுத்தது, கனபேருக்கு நத்தாரும் அதுக்குள்ளதான். கிரேவ்செண்ட் குருத்வாராவில சீக்கிய ஆக்கள் கொண்டைக்கடலைக் கறி சமைச்சு, கால்சா எய்ட் அமைப்பு எடுத்துக்கொண்டு போய் மோட்டர்வேயில நிண்டவைக்குக் குடுத்தது. நானும் கடையில கிடந்த பாண், தண்ணி, வாழைப்பழம் எல்லாம் வானில போட்டுக்கொண்டு போனனான். போலந்துக்காரப் பெடியன் ஒருத்தன் பிள்ளையின்ர படத்தைக் காட்டி அழுதவன்.

ஆனால் அந்தக் கிழமை ஊரே உதவினதுக்கு ஒரு காரணம், அது முடியும் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு இரவும் வாறதை ஒரு கிராமம் தாங்காது. உங்கட பிழை இல்லை, எங்கட பிழையும் இல்லை எண்டால் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?

கலேவாசி எழுதியது:

நான் கடலுக்கு இந்தப் பக்கம். கலேக்குப் பக்கத்தில ஒரு சரக்குக் கம்பனியில வாசல் பாக்கிற வேலை. இஞ்சத்த நிலைமையும் உங்கட பிரச்சினையோட பொருத்துப்பட்டிருக்கு, அதைச் சொல்லுறன்.

கலேயில வேலி, கமெரா, காவலாள் எல்லாம் உள்ள தரிப்பிடங்கள் இருக்கு. ஐரோப்பிய ஒன்றியம் லொறித் தரிப்பிடங்களை வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் எண்டு பாதுகாப்பு அளவால தரம் பிரிச்சு வச்சிருக்கு. சாரதி பேரைப் பார்த்தே என்ன காவல் எண்டு தெரிஞ்சுகொள்ளலாம். ஆனால் வேலி இல்லாத இடத்தில கலேக்குக் கிட்ட ஒருத்தனும் நிப்பாட்ட விரும்பமாட்டான். 2023 பெப்ரவரியில இருந்து பிரித்தானியா தண்டத்தைக் கூட்டிப் போட்டுது: லொறியைச் சரியாப் பூட்டிப் பாதுகாக்காட்டி 6,000 பவுண் வரை, லொறிக்குள்ள ஒளிச்சு எல்லை கடந்து வந்த ஒவ்வொரு ஆளுக்கும் 10,000 பவுண் வரை. சாரதியும் கட்ட வேணும், கம்பனியும் கட்ட வேணும்.

அதால என்ன நடக்குது? பெல்ஜியத்துக்குள்ளயோ ரைம்ஸ் பக்கமோ கடைசியா நிப்பாட்டிப்போட்டு, கலேயில நிக்காமல் ஒரே ஓட்டமாக் கப்பலுக்கு வருவினம். கடவுச்சீட்டு, ட்ரெய்லர் சோதனை, வரிசை, ஒண்டரை மணித்தியாலக் கப்பல். டோவரில இறங்கேக்க வேலை நாள் முடியிற தறுவாய். கலேயில இருக்கிற பயம் டோவரில போய்த் தரிப்பிடப் பிரச்சினையா இறங்குது. கெண்டில நிக்கிற லொறியில போற லொறி மட்டும் இல்லை, இப்பதான் இறங்கின லொறியும் இருக்கு எண்டதைத் திட்டம் போடுறவை மறக்கக்கூடாது. அவைக்கு 40 மைல் உள்ளுக்க இருக்கிற தரிப்பிடம் உதவாது.

சரக்குக்கணக்கு எழுதியது:

கலேவாசி சொன்னது முக்கியமான பாயிண்ட். இறங்குற லாரிக்கு டோவர்ல இருந்து கால் மணி நேரத்துக்குள்ள இடம் வேணும், ஏறப்போற லாரிக்கு முன்னாடியே எங்க வேணும்னாலும் இருக்கலாம். ரெண்டையும் ஒரே நிலத்துல போட்டு அடைக்கிறதுதான் சிக்கல்.

ஆனா இரவுலொறி அண்ணே, காசு விஷயத்துக்கு நீங்க பதில் சொல்லவே இல்ல. நாளைக்கே ஆறு இடம் கட்டிட்டாங்கன்னு வைங்க, ராத்திரிக்கு 35 பவுண்ட். உங்க கம்பெனி தராதுன்னா நீங்க உள்ள போவீங்களா?

இரவுலொறி எழுதியது:

போவன். குளிச்சுச் சாப்பிட்டு நித்திரை கொள்ளுறதுக்கு நான் கையில இருந்தும் குடுக்கிறனான். ஆனால் எல்லாச் சாரதியும் குடுக்க வேணும் எண்டு நான் சொல்லமாட்டன். வேலைக்காகப் படுக்கிற இடத்துக்கு வேலைக்காரன் வாடகை கட்டுறது எந்தத் தொழிலில இருக்கு? கப்பல் ரிக்கற்றைக் கம்பனிதான் எடுக்குது, சுரங்கக் காசும் கம்பனிதான். கப்பல் ரிக்கற்றோடயே அந்த இரவுத் தரிப்புக் காசையும் சேர்த்து எடுத்தால் என்ன? ஒவ்வொரு கடவைக்கும் கொஞ்சம். எல்லா லொறியும் கட்டினால் ஒருத்தருக்கு வாறது சின்னக் காசு. தரிப்பிடத்தில வாசலில காசு இல்லை எண்டால், காசு மிச்சம் பிடிக்க லேபையில படுக்கிற காரணமே இல்லாமல் போயிடும். அதுக்குப் பிறகும் ரோட்டில நிண்டால் பூட்டட்டும், நானே வந்து கையெழுத்து வைக்கிறன்.

சரக்குக்கணக்கு எழுதியது:

டிக்கெட்டோட சேர்க்கிறது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ஒரு எதிர்ப்பு வரும்: ராத்திரி தங்காம நேரா கடந்து போற லாரிக்கும் ஏன் கட்டணும்னு கேட்பாங்க. கப்பல் கம்பெனிகளும் சுரங்கக் கம்பெனியும் போட்டியில இருக்காங்க, ஒருத்தர் மட்டும் விலை ஏத்த மாட்டாங்க. அரசு ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி விதிக்கணும். இல்லேன்னா நடக்காது.

திட்டப்பிரிவு எழுதியது:

விதிப்பது அரசின் வேலை, அதற்குக் காலம் எடுக்கும். நாம் இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது.

லொறித் தரிப்பிடத்துக்கு விண்ணப்பம் வந்தால் எதிர்த்து நூற்றுக்கணக்கான கடிதம் வரும். ஆதரித்து வருவது ஒன்றோ இரண்டோ. சாரதிகள் எழுதுவதே இல்லை, அந்த ஊரில் வாக்கு இல்லை என்பதால் தங்களுக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறார்கள். விண்ணப்பத்துக்குக் கருத்து எழுத அந்த ஊரில் வசிக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அதேபோல் ஒரு குடோனுக்கு விண்ணப்பம் வரும்போது, "இங்கே நேரத்துக்கு முன்னால் வரும் லொறி எங்கே காத்திருக்கும், வேலை நேரம் முடிந்த சாரதி எங்கே படுப்பார்" என்று எழுத்தில் கேட்டால் அதிகாரி அதை அறிக்கையில் குறிப்பிட வேண்டிவரும்.

உணர்ச்சியாக எழுதினால் பலன் குறைவு. எந்த ரோடு, எந்த நேரம், எத்தனை லொறி, அதில் குளிரூட்டி ட்ரெய்லர் எத்தனை, போத்தலும் குப்பையும் எந்தக் கிழமை கூடுகிறது. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து குறித்த ஒரு தாள், ஐம்பது கோபக் கடிதங்களை விடப் பெரியது. கடைக்காரர் ஐயா, விடியற்காலை நாலரைக்கு அந்த ரோட்டில் நிற்பவர் நீங்கள்தான்.

கடைக்காரர்_ஏ20 எழுதியது:

எழுதலாம். விடிய வரேக்கயும் இரவு கடை பூட்டேக்கயும் பார்த்துக் குறிக்கிறன். பக்கத்து வீட்டு மனிசியும் உதவுவா, அவ முழிச்சுத்தான் இருக்கிறா. ஆனால் நான் எழுதுறது பூட்டுக்கும் சேர்த்துத்தான், அதை மறைக்கமாட்டன். இடமும் வேணும், பூட்டும் வேணும் எண்டு எழுதுவன்.

இரவுலொறி எழுதியது:

அப்பிடியே எழுதுங்கோ அண்ணை, அந்த வரிசையில எண்டால் எனக்குப் பிரச்சினை இல்லை. நான் எங்கட வட்ஸப் குழுவில உள்ள சாரதிமாரிட்ட, இடமில்லாமல் திரும்பின நேரமும் ஊரும் கேட்டு எடுத்துத் தாறன். மட்டுநகர்த் தங்கச்சி, விருப்பம் எண்டால் நீங்களும் உங்கட பேர் இல்லாமல் ஒரு பக்கம் எழுதித் தாங்கோ, கக்கூஸ் விசயத்தையும் சேர்த்து. திட்டப்பிரிவு அக்கா, தாளில என்னென்ன நிரல் போடுறது எண்டு ஒரு மாதிரி இதிலயே போட்டு விட்டால் எல்லாரும் ஒரே மாதிரிக் குறிக்கலாம். படம் எடுக்கிறவை நம்பர் பிளேட்டை மறைச்சுப் போட்டு அனுப்புங்கோ, அதில நித்திரை கொள்ளுறவனில ஒரு பிழையும் இல்லை.